கலங்கல் கிராமத்துக் கைத்தொழில் மேதை ஜி. டி. நாயுடு

 

மலர்க்குழுவினர் என்னிடம் ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி கேட்டார்கள். யாரைப் பற்றி எழுதலாம் என்று நான் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. காரணம், இந்த வருஷ நடுவில் என் வகுப்பில் நடந்த ஒரு சம்பவம். அதைச் சொல்லிவிட்டுத்தான் வரலாற்றுக்குப் போகவேண்டும். சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

எங்கள் வகுப்பு மேசை விசிறி ஒருநாள் நின்றுபோச்சு. ஓய்வு நேரம் முடிந்து நான் உள்ளே வந்து பார்த்தால், ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில் அவனை வெளியே நிற்க வைத்துவிட்டு, எல்லாச் சாமானையும் அள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். மறுநாள் பட்டணத்துக் கடைக்காரர் அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, ஏன் இப்படிக் கலந்து கட்டிக் கொண்டுவந்தீர்கள் என்று சலித்துக்கொண்டார். பைக்குள் பழைய செய்தித்தாள் ஒன்றும் இருந்தது. அதில் பென்சிலால் 1, 2, 3 என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசைப்படியே கட்டத்தில் வைத்திருக்கிறான். பிளக்கையும் முதலிலேயே பிடுங்கி வைத்திருந்தான். வரிசையைக் கலைத்தது நான்தான். கெட்டுப்போனது உள்ளேயிருந்த ஒரு சின்ன கெப்பாசிட்டர் மட்டும்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

கோயம்புத்தூர் ஜில்லாவில், சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் துரைசாமி பிறந்தார். கோபால்சாமி நாயுடு மகன் துரைசாமி நாயுடு. சுருக்கமாக ஜி. டி. நாயுடு. பின்னாளில் உலகமே இந்தச் சுருக்கப் பேரைத்தான் சொன்னது.

சிறு வயதில் அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய கதையை இன்னும் கோவைப் பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. வயலில் மாடு ஓட்டுவதும் தோட்டத்து வேலையும்தான் கதி என்று வீட்டார் நினைத்தார்கள்.

ஒருநாள் அந்த மண் ரோட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானே ஓடுது! பார்த்த பிள்ளைகள் எல்லாம் வாய் பிளந்து நின்றிருப்பார்கள். துரைசாமிக்கு மட்டும் அது எப்படி ஓடுகிறது என்கிற கேள்வி மண்டையில் புகுந்துகொண்டது. அந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவே இல்லை.

வண்டி வேண்டும், கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் பரிமாறுகிற வேலையில் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, காசு காசாகச் சேர்த்துக் கடைசியில் அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவா போனார்? வண்டியைப் பிரித்தார். ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தார். திரும்பவும் பூட்டி ஓட்டினார். அவருக்கு அந்த வண்டிதான் அரிச்சுவடி, அந்த வண்டிதான் கல்லூரி.

பிரிப்பதில் பெரிய வித்தை இல்லீங்க. திரும்பப் பூட்டுகிறவன்தான் தொழிலாளி. மீண்டும் பூட்டும்போது ஒரு போல்ட்டு மிச்சம் விழுந்தால், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு பருத்தித் தொழிலில் இறங்கினார். லாபம் பார்த்தார். பம்பாய்க்குப் போய்ப் பெரிய வியாபாரம் செய்யப் பார்த்துக் கைப்பொருளை இழந்து ஊர் திரும்பினார். அந்த நாளில் அவருக்கு உதவியவர் கோவையில் தொழில் நடத்திய சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் உதவியால் தவணை முறையில் ஒரு பஸ் கைக்கு வந்தது. 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்தப் பஸ்ஸை நாயுடு தாமே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ்களாக வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனம் ஆனது.

பஸ் முதலாளிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். நாயுடுவிடம் இருந்த வித்தியாசம் அவருடைய பட்டறைதான். வண்டி கெட்டுப்போய் நின்ற பிறகு பழுது பார்ப்பது என்பது அவருக்குப் பிடிக்காது. இஞ்சின் எவ்வளவு அதிருகிறது என்று சோதிக்க ஒரு கருவி செய்தார். டிக்கெட் கொடுக்க இயந்திரம் வைத்தார். நேரம் தவறாமல் வண்டி விடுவதில் பேர் வாங்கினார். இவையெல்லாம் ஒரே நாளில் வந்த பெரிய கண்டுபிடிப்புகள் என்று நினைக்கவேண்டாம். தினமும் கண்ணில் படுகிற ஒரு சின்னக் குறையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு சின்ன வழி தேடினார். அது தீர்ந்ததும் அடுத்த குறைக்குப் போனார்.

உலகத்தில் பெரிய மாற்றங்களும் இப்படித்தான் வந்திருக்கின்றன. லண்டன் பக்கத்தில் ஊல்விச் என்ற இடத்தில் 1771-இல் பிறந்த ஹென்றி மாட்ஸ்லே என்பவர் பன்னிரண்டு வயதிலேயே ஆயுதச்சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் கூலிப் பிள்ளையாக இருந்தவர். அந்தக் காலத்து லேத்து இயந்திரத்தில் இரும்பைக் கடைகிறவர்கள் பெரும்பாலும் உளியைக் கையிலேயே பிடித்துக்கொள்வார்கள். கை நடுங்கினால் வேலையும் கோணும். உளியை ஒரு சட்டத்தில் இறுக்கிப் பிடிக்க வைத்து, திருகைச் சுற்றி நகர்த்தும் முறையை மாட்ஸ்லே செம்மைப்படுத்தினார். 1797-இல் தனியாகப் பட்டறை போட்டார். 1800 வாக்கில் ஒரே அளவில் திருகுமரை வெட்டும் லேத்து அவர் பட்டறையில் ஓடியது. உளியைக் கையிலிருந்து சட்டத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான். அதன் பலனாகத்தான் இன்றைக்கு ஒரு நட்டு இன்னொரு போல்ட்டுக்குப் பொருந்துகிறது.

நாயுடுவும் அந்த இனத்து மனிதர்தான். அவர் ஐரோப்பாவுக்குப் போனார், ஜெர்மனியின் தொழிற்சாலைகளைப் பார்த்தார். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவிலேயே சினிமாப் படம் பிடித்தார். மிக மெல்லிய சவர பிளேடு, உலர் மின்கலத்தில் ஓடும் ரேசன்ட் என்ற சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, கள்ள ஓட்டுக்கு இடம் கொடுக்காத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று அவர் கைபட்ட சாமான்கள் பல. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்யும் முயற்சியில் வெற்றி கண்டார். அந்த பாலசுந்தரம்தான் பின்னால் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர். இவர்களைப் போன்றவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊராச்சு. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குத் தீபாவளிச் சாமான் வாங்கப் போகும் நம்ம அக்காமார், கோயம்புத்தூர் மாவு கிரைண்டர் என்று கேட்டு விலை விசாரிக்கிறார்களே, அந்த ஊர்ப் பேருக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

அவருக்கு எல்லாமே கைகூடியதா என்றால், இல்லை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் கொடுக்கும் அளவுக்குச் செய்து ஓட்டிக் காட்டினார். சர்க்கார் லைசென்ஸ் கொடுக்க மறுத்தது. கார் நின்றது. ஏழை வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கவேண்டும் என்ற ஆசை அத்தோடு போச்சு. ஆனால் அவர் கை நிற்கவில்லை. விவசாயத்திலும் புகுந்து பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய ரகங்களை வளர்த்தார். சர் சி. வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் அவர் பண்ணைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். காலையில் அடிக்கல் நாட்டிச் சாயங்காலத்துக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடிக்க முடியும் என்றும் காட்டினார்.

இப்போது ஒரு கேள்வி வரும். பரிசளிப்பு விழா மலரில், பள்ளியை விட்டு ஓடிப்போனவர் கதையை ஒரு வாத்தியார் எழுதலாமா? பிள்ளைங்க கெட்டுப்போக மாட்டாங்களா?

இதற்குப் பதில் நாயுடுவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பள்ளியை விட்டு ஓடியவர், பெரியவரான பிறகு செய்த முக்கியமான காரியம் தொழிற்கல்வி நிலையம் ஏற்படுத்தியதுதான். அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அவர் முயற்சியால் வந்தன. 1945-இல் அந்தக் கல்லூரிக்கு அவரே பிரின்சிபாலாக இருந்தார். நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷமே போதும் என்பது அவருடைய கருத்து. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை உதறிவிட்டு வந்தார். அந்தக் கல்லூரிதான் இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகக் கோவையில் நடக்கிறது. ஆக, அவர் வெறுத்தது படிப்பை அல்ல. கைக்கு வேலை கொடுக்காத படிப்பைத்தான் வெறுத்தார். அளவு தெரியாமல் பிளேடு செய்ய முடியுமா? கணக்குத் தெரியாமல் பஸ் நடத்த முடியுமா? அவர் பள்ளியில் விட்டதை வெளியே இரட்டிப்பு சிரமத்தோடு கற்றுக்கொண்டார். நம்ம பிள்ளைங்களுக்கு அந்த இரட்டிப்புச் சிரமம் எதற்கு? பள்ளியில் கணக்கும் படிக்கட்டும், வீட்டில் திருப்புளியும் பிடிக்கட்டும்.

1944-இல் தம் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, தொழிலாளர் நலனுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் உதவித்திட்டங்கள் அறிவித்தவர் அவர். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். அவர் செய்த, சேர்த்த இயந்திரங்களைக் கோவை அவிநாசி சாலையில் உள்ள காட்சிக்கூடத்தில் இன்றும் காணலாம். 2015-இல் அவர் பேரால் ஒரு கார் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். இந்தத் தோட்டத்தில் எத்தனையோ அப்பாமார், அண்ணன்மார் பாலம் கடந்து சிங்கப்பூர்ப் பட்டறைகளிலும் கப்பல் தளங்களிலும் வேலை செய்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, புல் வெட்டும் மெஷினும் மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கிறார்கள். என் தகப்பனாரும் பால்மரம் சீவியவர்தான். தேக்காவுக்குப் பக்கத்தில் சுங்கை ரோட்டில் பழைய சாமான் சந்தை ஒன்று இருந்தது. திருட்டுச் சந்தை என்றே அதற்குப் பேர். அங்கே துருப்பிடித்த வைஸ் ஒன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். வைஸ் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் புதுசு கிடைக்கும். ஆனால் காசு செலவழிக்காமலே ஒரு சின்னப் பட்டறையை நல்ல பட்டறையாக்க முடியும். நாயுடு வழியில் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, மேசை ஆடக்கூடாது. கால்களுக்குக் குறுக்குக் கட்டை அடித்துச் சுவரோடு சேர்த்து போல்ட்டு போடுங்கள். நிமிர்ந்து நின்றால் வைஸின் வாய் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரவேண்டும். பிறகு அரம் போடும்போது முதுகு வலிக்காது.

இரண்டாவது, வைஸின் பல் பட்டு நல்ல சாமான் வடுப்படும். அலுமினிய எல் பட்டையில் இரண்டு துண்டு வெட்டி வாய்க்கு உறை போடுங்கள். அரத்தின் பல்லில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டால் வேலையில் கீறல் விழும். பள்ளிக்கூடச் சாக்கட்டியை அரத்தில் தேய்த்துவிட்டுப் பிறகு ராவுங்கள். தூள் ஒட்டாது. சாக்கட்டி வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள்.

மூன்றாவது, வெளிச்சம். பழைய சோக் வைத்த டியூப் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. அந்த ஒளியில் சுற்றுகிற டிரில் சில வேளை நிற்பதுபோல் கண்ணை ஏமாற்றிவிடும். ஆகவே மெஷினுக்குப் பக்கத்தில் மினுக்காத வேறொரு விளக்கும் வையுங்கள்.

நான்காவது, சிதறிய இரும்புத்தூளைக் கையால் தள்ளாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தூள் மேல் காட்டுங்கள். எல்லாம் பை மேல் ஒட்டும். பையை உட்புறம் வெளியாகத் திருப்பினால் காந்தம் கையில், தூள் பைக்குள்.

ஐந்தாவது, ஒரு பலகையில் ஆணி அடித்து ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல் எல்லாவற்றையும் மாட்டுங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் சாயத்தால் உருவம் வரைந்துவிடுங்கள். எது காணோம் என்று பார்த்தவுடனே தெரியும். நம்ம ஊர் மழை ஈரத்துக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து மாட்டுங்கள்.

ஆறாவதுதான் முக்கியம். கைலி கட்டிக்கொண்டு டிரில் போடாதீர்கள். சுற்றுகிற மெஷினில் கையுறையும் ஆகாது, இழுத்துக்கொண்டு போய்விடும். கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போகக்கூடாது. பிளக்கைப் பிடுங்காமல் எதையும் திறக்கக்கூடாது. விசிறி போன்ற சாமானில் கெப்பாசிட்டரைப் பிள்ளைகள் தொடக்கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் நின்றுதான் வேலை செய்யவேண்டும்.

ஏழாவது யோசனை என்னுடையது அல்ல. என் மாணவனுடையது. எதைக் கழற்றினாலும் ஒரு தாளில் கட்டம் போட்டு, எண் எழுதி, வரிசையாக வையுங்கள்.

அந்தப் பையனுடைய தாயார், நான் புகார் சொன்ன அன்றைக்கே வீட்டுக் கொட்டகையைப் பூட்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தகப்பனார் துவாஸ் பக்கம் வேலை, வாரம் ஒருமுறைதான் வருகிறார். இன்றைய பரிசுப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பேர் இல்லை. கழற்றியதைத் திரும்பப் பூட்டுகிறவனுக்கு எங்களிடம் பரிசுப் பிரிவும் இல்லை. அடுத்த ஆண்டு ஒரு பிரிவு வைக்கும்படி தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் அதற்குள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுவான், அது எனக்குத் தெரியும்.

ஆகவே இந்த மலரின் வழியாக இரண்டு காரியம் செய்கிறேன். அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் தாயாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அம்மா, தப்பு பிள்ளை மேல் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவங்க அப்பா வந்ததும் கொட்டகைச் சாவியைக் கொடுங்க. இரண்டு பேரும் சேர்ந்து திறக்கட்டும். வகுப்பு விசிறி இப்போதும் கொஞ்சம் சத்தம் போடுகிறது. அதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

வாழ்க நம் பள்ளி! வளர்க பிள்ளைகளின் கைத்திறன்!